விசிலை மட்டும் விட்டுட்டுப் போ

ஜூன் 3, செவ்வாய்

இது என் மகன் டில்லியின் நோட்டு. புறா எத்தனை மணிக்கு மேலே போனது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று எழுதி வைப்பான். கடைசியாக எழுதியது மார்ச் ஏழாம் தேதி. "காலை 6.10 மேல. 11.40 கீழ. மை சூப்பர்." மை என்பது கறுப்புப் புறாவின் பெயர். அதற்குப் பிறகு மஞ்சள் காமாலை வந்தது. பத்தே நாள். இருபத்தேழு வயது அவனுக்கு.

மீதிப் பக்கமெல்லாம் வெள்ளையாக இருக்கிறது. அப்படியே விட மனசு வரவில்லை. நான் ஐந்தாவது வரை படித்தவள். தப்பு இருந்தால் இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

இன்று வாசலில் போடுகிற கடையில் இட்லி சீக்கிரம் தீர்ந்துவிட்டது, புதினா சட்னிதான் மீந்தது. சாயந்திரம் மருமகள் நதியா தையல் கம்பெனியிலிருந்து வந்தாள். பையைக்கூட கீழே வைக்காமல் மொட்டை மாடிக்கு ஏறினாள். நான் கீழே மாவு கரைத்துக்கொண்டிருந்தேன். மேலே விசில் கேட்டது. விரலை வாயில் வைத்து அடிக்கிற விசில், தெரு முனை வரை கேட்கும். அதில் ஒரு சின்னக் கிழிசல் உண்டு, புதுத்துணி கிழிக்கிற மாதிரி. வியாசர்பாடியில் எத்தனையோ பேர் புறாவுக்கு விசில் அடிக்கிறார்கள். அந்தக் கிழிசல் டில்லிக்கு மட்டும்தான்.

கையிலிருந்த கரண்டி மாவுக்குள் விழுந்துவிட்டது. எழுந்து நின்றுவிட்டேன். "டேய், எறங்கி வா, காப்பி ஆறுது" என்று சொல்ல வாய்கூடத் திறந்தேன்.

படியில் இறங்கி வந்தது நதியா.

இவளுக்கு எப்போது கற்றுக்கொடுத்தான்? கல்யாணமாகி இரண்டே வருஷம். நான் இருபத்தேழு வருஷம் அவனை வைத்திருந்தேன், எனக்கு ஒன்றும் கற்றுக்கொடுக்கவில்லை.

ஜூன் 4, புதன்

இன்றும் அடித்தாள்.

ஜூன் 6, வெள்ளி

கீழ்வீட்டு எஸ்தர் அக்கா தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது சொன்னாள்.

"ஆதி, உன் மருமவ விசிலடிச்சா அப்டியே டில்லி அடிக்கிற மாதிரியே கீதுடி. எனுக்குப் புல்லரிச்சிப் போச்சி."

"பொம்பள விசிலடிச்சா வூடு வெளங்காதுக்கா."

"இத்தினி நாளு வெளங்கினதே போதும்மா, நீ கொடத்த நவுத்து."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து குடத்தைக் கொஞ்சம் வேகமாக வைத்துவிட்டேன் போலிருக்கிறது, அடி நசுங்கிவிட்டது.

ஜூன் 8, ஞாயிறு

பதினொரு புறா. கம்பும் சோளமும் போடுவது நான். கூண்டு கழுவுவது நான். அவள் காலையில் ஏழரைக்குக் கம்பெனி வண்டிக்கு ஓடினால் ஆறு மணிக்குத்தான் வருகிறாள். ஆனாலும் நான் தீனி போடும்போது அதுங்கள் தின்றுகொண்டே படிக்கட்டைப் பார்க்கின்றன. அவள் வருகிறாளா என்று.

அவன் போனதற்கு அவள் ஒரு நாள்தான் சத்தமாக அழுதாள். நான் பதினாறு நாள் அழுதேன். இதை எதற்கு எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எண்ணிப் பார்த்தேன், எழுதினேன்.

ஜூன் 10, செவ்வாய்

ஒரு புறா போய்விட்டது. சாம்பல் நிறம், கழுத்தில் பச்சை மின்னும், 'பூசாரி' என்று கூப்பிடுவான். மத்தியானம் கூண்டுக் கதவு எப்படியோ திறந்திருக்கிறது. பூனையாக இருக்கும். நதியாவிடமும் பூனை என்றுதான் சொன்னேன். அவள் தாழ்ப்பாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் கேட்கவில்லை.

ஜூன் 12, வியாழன்

அவள் வேலைக்குப் போனபிறகு கதவைச் சாத்திக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று விரலை வாயில் வைத்து ஊதிப் பார்த்தேன். காரச் சட்னி அரைத்த கை. நாக்கு, உதடு எல்லாம் பற்றிக்கொண்டு எரிந்தது. சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்திரண்டு வயதில் இது தேவையா எனக்கு.

ஜூன் 15, ஞாயிறு

நதியாவின் அண்ணன் வினாயகம் பொன்னேரியிலிருந்து வந்திருந்தான். பழம், பிஸ்கட்டு எல்லாம் வாங்கி வந்தான். நல்ல பையன்தான்.

"அத்தே, ஆடி பொறக்கிறதுக்குள்ள இவள இட்டுனு போயிடலாம்னு அம்மா சொல்றாங்க. ஆடி பொறந்துட்டா அப்புறம் நல்லது ஒண்ணும் பேச முடியாது."

நல்லது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா. இருபத்து நாலு வயது. ஒருத்தன் பார்த்து வைத்திருப்பார்கள்.

"சின்ன பொண்ணு அத்தே. அப்டியே உக்கார வெக்க முடியுமா, நீயே சொல்லு."

"நான் எதுக்குச் சொல்லணும், இட்டுனு போ" என்றேன். காப்பி போட்டுக் கொடுத்தேன். சர்க்கரை போட மறந்துவிட்டேன், பாவம் அப்படியே குடித்தான்.

அப்புறம்தான் நதியா வாயைத் திறந்தாள். "புறாவையும் எடுத்துனு போறேன் அத்தே."

"அது என் புள்ள புறா."

"உன் புள்ள புறாதான். யார் எறக்குவா? உன் சத்தத்துக்கு எறங்காது. மேலயே சுத்திக்கினு இருக்கும், வல்லூறு அடிச்சிடும், இல்லாட்டி வேற மாடில எறங்கிடும். எறங்கிட்டா புடிச்சவனுக்குத்தான் சொந்தம்."

அது இங்கே புறா விடுகிறவர்கள் எல்லாருக்கும் தெரிந்த சட்டம். வழக்கு போட முடியாது.

வினாயகம் சமாதானமாகச் சொன்னான். "ஒரு மாசம் றெக்கைய கட்டி வெச்சா போதும் அத்தே. இந்த வூட்ட மறந்துட்டு அந்த வூட்டுக்குப் பயகிடும்."

மறக்க ஒரு மாதம் போதுமாம்.

பாத்திரம் தேய்க்கும்போது ஒன்று நினைத்தேன். பொன்னேரியில் எவனோ ஒருத்தன் வீட்டு மாடி. அதில் இவள் நின்றுகொண்டு விரலை வாயில் வைத்து அடிப்பாள். என் பிள்ளையின் சத்தம் அங்கே கேட்கும். அவன் காப்பி குடித்துக்கொண்டே அதைக் கேட்பான், யார் சத்தம் என்றுகூடத் தெரியாமல்.

ஜூன் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ எங்க வேணா போ. யார வேணா கட்டிக்கோ. அந்த விசில மட்டும் இங்கயே வுட்டுட்டுப் போ."

வாயில் வைத்த சோறு அப்படியே நின்றது. "விசிலு இன்னா துணியா பாத்திரமா அத்தே, வுட்டுட்டுப் போவ?"

"அதெல்லாம் எனுக்குத் தெரியாது. அது இந்த வூட்டுது."

கோபப்படுவாள் என்று பார்த்தேன். கை கழுவிவிட்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். "வுட்டுட்டுப் போறதுன்னா உனுக்குக் கத்துக்குடுத்துட்டுத்தான் போவணும். கத்துக்கிறியா?"

அப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

"ஜூலை பதிமூணு ஞாயித்துக்கெயம அண்ணன் வண்டி எடுத்துனு வரும். அதுக்குள்ள நீ விசிலடிச்சி புறாவ எறக்கிட்டா, அதுங்க உனுக்கு. இல்லாட்டி எனுக்கு."

"சரிடீ" என்றேன். பந்தயம் கட்டுகிற வயதா எனக்கு. ஆனால் கட்டிவிட்டேன்.

ஜூன் 18, புதன்

உதட்டை ஈரமாக்கணும். மேல் உதடும் கீழ் உதடும் உள்ளே மடிந்து பல்லை மூடணும், கிழவி வாய் மாதிரி. விரல் நுனியால் நாக்கு நுனியைப் பின்னால் தள்ளணும். வாயைச் சுற்றி இடைவெளி இல்லாமல் இறுக்கிக்கொண்டு, காற்று கீழ் உதட்டில் படுகிற மாதிரி ஊதணும்.

இதெல்லாம் சொல்வதற்கு நன்றாக இருக்கிறது. எனக்குக் கீழ்ப்பல் ஒன்று இல்லை. காற்றெல்லாம் அந்தச் சந்தில் போகிறது.

"அத்தே, எச்சி தெறிக்குது."

"உன்ன யாரு எதிர்ல நிக்கச் சொன்னா?"

சிரித்தாள். அவன் செத்தபிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்த்தேன். சிரித்தால் இவ்வளவு அழகாக இருப்பாள் என்று மறந்திருந்தேன். அந்தச் சிரிப்பைத்தான் அவன் தினமும் பார்த்திருப்பான். எரிச்சலாக வந்தது, இன்றைக்குப் போதும் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

ஜூன் 20, வெள்ளி

புஸ்.

ஜூன் 21, சனி

புஸ். தலை சுற்றி, மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

ஜூன் 23, திங்கள்

பூனை என்று எழுதினேன். பூனை இல்லை.

அன்று நான்தான் கதவைத் திறந்தேன். அவள் இல்லாமல் என்னாலும் முடியும் என்று பார்க்க நினைத்தேன். எல்லாம் மேலே போயின. கை தட்டினேன், டப்பாவைக் குலுக்கினேன், டில்லி டில்லி என்று கத்தினேன். எதற்கு அவன் பேரைச் சொன்னேனோ. ஒரு மணி நேரம் கழித்துப் பத்து தானாக இறங்கியது. பூசாரி இறங்கவில்லை.

இன்று நதியாவிடம் சொல்லிவிடலாம் என்று ஆரம்பித்தேன். "அந்தப் பூசாரி புறா..."

"மூணாவது தெரு மாடில கீது அத்தே. அன்னிக்கே பாத்தேன். குடுக்க மாட்டேன்ட்டாங்க."

"அப்ப ஏன் எங்கிட்ட கேக்கல?"

"கேட்டா இன்னா சொல்லுவ? பூனைன்னுவ."

தோசையைத் திருப்பிப் போட்டேன். கருகிவிட்டது. அதையும் அவளே தின்றாள்.

ஜூன் 25, புதன்

இன்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை நோட்டை மூடிவிட்டேன்.

இத்தனை நாளும் ஆள்காட்டி விரல் இரண்டையும் வைத்துத்தான் ஊதிக்கொண்டிருந்தேன். எல்லாரும் அப்படித்தான் அடிக்கிறார்கள். இன்று நதியா சொன்னாள்:

"உனுக்கு வெறும் விசிலு வேணுமா, அவரு விசிலு வேணுமா?"

"அவன்துதான்."

"அப்ப இப்டி வெய்யி." வலது கையின் நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து, கொஞ்சம் சாய்த்து, வாய் ஓரத்தில் வைத்துக் காட்டினாள். "அவருக்கு அந்த ஆள்காட்டி வெரல் நுனி உணர்ச்சியே கெடையாதே. நாக்க அமுக்க வராது. அதான் இப்டி கத்துக்கினாரு. இப்டி வெச்சா ரெண்டு வெரலுக்கு நடுவுல கொஞ்சம் காத்து ஓடும். அதான் அந்தக் கிய்ஞ்ச சத்தம்."

நான் அவள் விரலையே பார்த்தேன்.

"சின்ன வயசுல லட்சுமி வெடி கையிலயே வெடிச்சிடுச்சாமே? நீதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடினியாமே? சொல்லியிருக்காரு."

ஆமாம் என்றேன்.

லட்சுமி வெடி இல்லை. அவனுக்கு ஒன்பது வயது. அப்பன் ஓடிப்போன வருஷம். தெருவில் நின்று போகிற வருகிறவர்களைப் பார்த்து விசில் அடிக்கிறான், ரவுடியாகப் போகிறான் என்று ஒருத்தி வந்து சண்டை போட்டாள். அப்பனும் விசில் அடிக்கிறவன்தான். அன்றைக்கு எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது. தோசைக்கல் அடுப்பில் இருந்தது. விரலைப் பிடித்து வைத்துவிட்டேன். ஒரு நொடி. ஒரு நொடிதான் என்று இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொள்கிறேன். தூக்கிக்கொண்டு ஓடியது நிஜம்தான்.

பெண்டாட்டியிடம்கூட என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை அவன்.

ஜூன் 26, வியாழன்

ரேஷனில் பருப்பு போட்டார்கள். கால் கடுக்க நின்றேன்.

நின்றுகொண்டே யோசித்தேன். அவன் பேசியது, சிரித்தது, தூக்கத்தில் உளறியது, எல்லாம் அவளுக்குத் தெரியும். இந்த விரல் ஒன்று மட்டும் அவளுக்குத் தெரியாது. எனக்கும் அவனுக்கும் மட்டும். இதை யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது.

அதில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. என்ன பிறவியோ நான்.

ஜூலை 1, செவ்வாய்

வந்துவிட்டது!

நடுவிரல், மோதிர விரல். கொஞ்சம் சாய்த்து. முதலில் புஸ், அப்புறம் ஒரு கீச்சு, அப்புறம் கிழிந்துகொண்டு ஒரு சத்தம் வந்தது. எங்கிருந்து வந்தது என்று நானே திரும்பிப் பார்த்தேன். கீழே எஸ்தர் அக்கா கத்தினாள், "நதியா இன்னிக்கி வேலைக்குப் போவலியா?"

பதிலுக்கு இன்னொரு தடவை அடித்தேன்.

ஜூலை 5, சனி

நீட்டி ஒன்று அடித்தால் மேலே போ. விட்டு விட்டு இரண்டு அடித்தால் இறங்கு. மேலே போவது வருகிறது. இறங்கு வரவில்லை. இரண்டாவது அடிக்கும்போது மூச்சு போய்விடுகிறது.

நதியா என் வயிற்றில் கை வைத்து, "இங்கேர்ந்து ஊது அத்தே" என்றாள். அந்த வயிற்றில்தான் அவனைச் சுமந்தேன் என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை. எதற்கெடுத்தாலும் ஒரு பங்கு கேட்கிற மாதிரி இருக்கும்.

ஜூலை 9, புதன்

அவள் துணிகளை மடித்துப் பையில் வைக்கிறாள். டில்லியின் நீலச் சட்டை ஒன்றும் அதில் இருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு வெளியே எடுத்து வைத்தாள். நான் போய் மறுபடி உள்ளே வைக்கவில்லை.

ஜூலை 12, சனி

காலையில் விட்டோம். பத்தும் மேலே போய்ப் புள்ளியாகிவிட்டன. பதினோரு மணிக்கு வெயில் ஏறியதும் நதியா தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் மறைந்து நின்றுகொண்டாள், அதுங்கள் அவளைப் பார்க்காமல் இருக்க. ஏமாற்றவில்லை அவள். நியாயமாகத்தான் நடந்தாள்.

அடித்தேன். விட்டு விட்டு இரண்டு.

ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி அடித்தேன். மை முதலில் சாய்ந்தது. அதன் பின்னால் எல்லாம் கொட்டுகிற மாதிரி இறங்கின. பத்தும். என் காலைச் சுற்றி.

நான் ஜெயித்துவிட்டேன். தொட்டிப் பக்கம் திரும்பினேன். அவள் வெளியே வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. முகம் கழுவியிருந்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

வினாயகம் வண்டி கொண்டு வந்தான். இரண்டு பை, ஒரு தையல் மிஷின். அவ்வளவுதான் அவள் சாமான்.

வாசலில் நின்று சொன்னாள்: "புறா உனுக்கு. விசிலும் உனுக்குத்தான் அத்தே. நீ கேட்ட மாதிரியே வுட்டுட்டுப் போறேன். இனிமே நான் அடிக்க மாட்டேன். அவரு மேல சத்தியம்."

இந்த இடத்தில் நான் ஏதாவது சொல்லியிருக்கணும். "பாத்துப் போ, ரோட்டுல கூட்டமா இருக்கும்" என்றேன்.

ஜூலை 14, திங்கள்

இறக்கினேன். பத்தும் வந்தன.

ஜூலை 16, புதன்

பத்தும் வந்தன. படிக்கட்டைப் பார்த்தன.

ஜூலை 18, வெள்ளி

எஸ்தர் அக்கா கேட்டாள், "இன்னாடி, புள்ள சத்தத்தப் புடிச்சிட்டியே, சந்தோசமா?"

"சந்தோசம்தான்" என்றேன்.

நான் அடிப்பது எனக்கு வெளியிலிருந்து கேட்பதில்லை. அதுதான் சங்கடம். காதுக்குள்ளே, மண்டைக்குள்ளே கேட்கிறது. அவள் மேலே நின்று அடித்து நான் கீழே இருந்து கேட்டால்தான் அவன் மாடியில் நிற்கிற மாதிரி இருந்தது. இப்போது மாடியில் நான்தான் நிற்கிறேன். கரண்டியைக் கீழே போட யாரும் இல்லை.

ஜூலை 20, ஞாயிறு

காலையில் புறாக்களை விட்டுவிட்டு நதியாவுக்கு போன் போட்டேன்.

"அத்தே! புறா?"

"பத்தும் கீது. நீ சாப்பிட்டியா?"

"இட்லி. உன் இட்லி மாதிரி வராது."

அந்தப் பக்கம் குக்கர் கத்தியது. அது அடங்கும்வரை காத்திருந்தேன். அப்புறம் சொன்னேன். தோசைக்கல், ஒன்பது வயது, ஒரு நொடி, எல்லாம். லட்சுமி வெடி என்று அவன் சொன்னது பொய், என்னைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் என்று சொன்னேன்.

அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது.

"அந்த வெரலப் புடிச்சிக்கினுதான் அத்தே நான் தூங்குவேன்" என்றாள்.

அடுத்து, "இத ஏன் இப்ப சொல்ற?"

"உனுக்குத் தெரியாம எங்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். வெச்சிக்க முடியல."

போன் கட்டாகிவிட்டது. அவள்தான் வைத்துவிட்டாள். வைக்கட்டும். நானாக இருந்தால் திட்டியிருப்பேன்.

தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தேன். அரைமணி நேரம் இருக்கும். போன் அடித்தது.

"வலிச்சிதுன்னு அவரு அயுதாரா?"

"இல்ல. நான்தான் அயுதேன். அவன் என் கண்ணத் தொடச்சி வுட்டான், அந்தக் கையாலயே."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"நதியா, ஒரு தபா அடிடீ. போன்ல."

"சத்தியம் பண்ணிட்டனே அத்தே."

"செத்தவன் மேல பண்ண சத்தியத்தப் பெத்தவ எடுத்துடலாம். எங்க ஊர்ல அப்டித்தான் வயக்கம். நான் எடுத்துட்டேன்."

அப்படி ஒரு வழக்கம் கிடையாது. எனக்கு ஊரும் கிடையாது, பிறந்ததே இந்தத் தெருவில்தான். அவளுக்கும் அது தெரியும்.

"இரு, மாடிக்குப் போறேன்" என்றாள். அவள் ஏறுவது எனக்குக் கேட்டது. நான் போனில் சத்தத்தைக் கூட்டி, கைப்பிடிச் சுவர் மேல் வைத்துவிட்டுத் தள்ளி வந்து நின்றேன்.

விட்டு விட்டு இரண்டு. அந்தக் கிழிசலோடு. போன் அதிர்ந்து ஒரு விரற்கடை நகர்ந்தது. என்னை விட நன்றாகத்தான் அடிக்கிறாள், அதில் சந்தேகமில்லை.

மேலே புள்ளிகள் சாய்ந்தன. மை முதலில். பத்தும் இறங்கி, வரிசையாகக் கைப்பிடிச் சுவரில் போனைச் சுற்றி நின்றுகொண்டன. மை கழுத்தைச் சாய்த்து அதைக் கொத்திப் பார்த்தது. கம்பு டப்பாவோடு நிற்கிற என்னை ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

"அத்தே, எறங்கிச்சுங்களா?"

பத்தையும் ஒரு தடவை எண்ணினேன்.

"ஒண்ணும் எறங்கல" என்றேன். "இன்னொரு தபா அடி."